தாம்பரத்தில் ஏறிய பிரெஞ்சுக்காரர்

சனிக்கிழமை மத்தியானம் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, 'பாண்டிச்சேரிக்குப் போகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். வாட்ச்மேன் முதல் ஆபீஸ் கேஷியர் வரை எல்லாரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். எனக்கு அங்கே இருந்தது மனைவியின் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். சத்தியமாகக் கிரகப்பிரவேசம். பத்திரிகையைக் காட்டினேன். "பத்திரிகைகூட அடிச்சுட்டீங்களா சார்!" என்று ஆச்சரியப்பட்டார் எதிர் ஃபிளாட்காரர்.

நாள் 2024 ஜூன் 29. தேதி முக்கியம். ஏன் என்று பின்னால் தெரியும்.

ஒரு காலத்தில் தாம்பரத்துக்காரனுக்குப் பாண்டி ரொம்பப் பக்கம். பெருங்களத்தூரில் நின்று கையைக் காட்டினால் பஸ் நிற்கும். நிற்காவிட்டால் அடுத்தது நிற்கும். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து முனையம் திறந்த பிறகு கதை வேறு. வெளியூர் போக வேண்டுமானால் முதலில் கிளாம்பாக்கம் போக வேண்டும். தாம்பரத்திலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவன் வெளியூர்க்காரன். நாங்கள் மணிக்கணக்கில் அளப்போம். 'ரயிலில் போயிருக்கலாமே' என்கிறீர்களா? கிளாம்பாக்கத்துக்கு ரயில் நிலையம் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து ஸீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா. அவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் ஓர் இடம் காலி. அப்போதுதான் அவர் ஏறினார்.

எழுபதைத் தாண்டிய வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், முகம் பார்க்கலாம் போல் பாலிஷ் போட்ட ஷூ. தாம்பரம் கிழக்கில் மழை பெய்து ஓய்ந்திருந்த மத்தியானத்தில் சேறில்லாத ஷூவோடு ஒரு மனிதரைப் பார்த்தது அதுவே முதல் தடவை. ஜன்னலோரம் போக வழி கேட்டு, பூக்கார அம்மாவிடம் லேசாகக் குனிந்து, "பர்தோன்" என்றார்.

"முழம் முப்பது ரூபாங்க" என்றார் அந்த அம்மா.

கண்டக்டர் வந்ததும் சில்லறைக்காகக் கைப்பையைத் திறந்தார். பர்ஸுக்கு முன்னால் வெளியே வந்தது ஒரு கருஞ்சிவப்பு பாஸ்போர்ட். நம்மூர் நீலம் இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"பிரெஞ்சு பாஸ்போர்ட், தம்பி. நாளைக்குப் பாண்டியில ஓட்டு இருக்கு."

பாண்டிச்சேரிப் பக்கம் இவர்களுக்கு 'சொல்தா' என்று பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1-ம் தேதி நம் நிர்வாகத்துக்கு வந்தாலும், சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அப்போது அங்கே பிறந்தவர்களுக்கு ஒரு வாய்ப்பு: பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க விருப்பமானால் எழுதிக் கொடுக்கலாம். இவருடைய அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு கையெழுத்தில் பிரெஞ்சுக்காரன். பிற்பாடு ராணுவம், ஜெர்மனியில் குளிர், ஜிபுத்தியில் வெயில், பென்ஷன். இப்போது மகள் வீடு சேலையூரில்.

"ஓட்டு போட இவ்வளவு தூரமா? இன்டர்நெட்ல போடலாமாமே?" என்றேன். எங்கோ படித்த ஞாபகம்.

"முந்தாநாள் வரைக்கும் போடலாம். பொண்ணு போட்டுட்டா. எனக்குப் பெட்டியில போடணும், தம்பி. கண்ணாடிப் பெட்டி. கவர் விழறது வெளியில தெரியும். விழுந்ததும் ஒருத்தர் சத்தமா, 'ஓட்டு போட்டாச்சு'ன்னு சொல்வார். அதைக் கேட்கத்தான் போறேன்."

வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று 2012-லிருந்து 11 தொகுதிகள். இந்தியா 11-வது தொகுதியில் வருகிறது. ரஷ்யா, ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாமே அதே தொகுதிதான். வேட்பாளர் வீடு வீடாக ஓட்டுக் கேட்பதானால் ஆயுள் போதாது.

பஸ் கிளம்பியது என்று எழுத ஆசை. இரும்புலியூர் வரை நகர்ந்தது என்பதுதான் உண்மை. இடது பக்கம் விமானப்படைத் தளத்து மரங்கள் போய் முடிந்த இடத்தில் மனிதர்களின் பொறுமையும் முடிந்தது. ரயில் பாதையில் ஒரு எலெக்ட்ரிக் டிரெயின் எங்களைத் தாண்டிப் போயிற்று. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டது 1931-ல். தொண்ணூற்று மூன்று வருஷமாக ரோட்டில் நிற்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறது.

இந்த இடத்தில் என் போன் அடித்தது.

கொஞ்சம் பின்கதை. முடிச்சூர் ரோட்டுப் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடுகள். நான் பி.காம். படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காகச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். 'கணக்குத் தெரிஞ்ச பையன்.' தலைவர் ஒரு ரிட்டயர்டு அதிகாரி. எட்டு மாதத்தில் நான் கண்டுகொண்டது இதுதான். பில்டரோடு பேச்சுவார்த்தை, கவுன்சிலருக்குச் சால்வை, பெயிண்ட் என்ன நிறம் என்பதெல்லாம் தலைவர். மோட்டார், செப்டிக் டேங்க், லாரித் தண்ணீர், மூன்றாவது மாடி நாய், அந்த நாயைப் பற்றி இரண்டாவது மாடி எழுதும் புகார் எல்லாம் செயலாளர். பெயிண்ட் நன்றாயிருந்தால் தலைவர். உரிந்தால் நான்.

ராஜினாமா கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்று வாரமாக. ஒருமுறை சட்டையோடு துவைத்து, மறுபடியும் எழுதியது.

போனில் இரண்டாவது மாடி. "சார், தண்ணி வரலை. நீங்க பாண்டிச்சேரியில ஜாலியா..." நான் இரும்புலியூரில் இருக்கிறேன் என்றால் நம்பவில்லை.

பேசி முடித்ததும் பெரியவர் கேட்டார். "தம்பி என்ன உத்தியோகம்?"

"செயலாளர்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

சொன்னேன். தலைவரைப் பற்றியும் சொன்னேன். பூக்கார அம்மா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெரியவர் ஷூ தரையில் தட்டும்படி சிரித்தார்.

"அப்ப நீங்கதான் எங்க ஊர்ப் பிரதம மந்திரி!"

எனக்குப் பிரான்ஸ் என்றால் ஜனாதிபதிதான் தெரியும். மக்ரோன் தெரியும். பிரதமர் ஒருவர் இருக்கிறார் என்பதே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"அதான் விஷயமே" என்றார். "இருக்கிறது வெளியில தெரியாது. தெரிஞ்சா ஏதோ எரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எங்க பாஷையில அவருக்கு 'ஃபுஸீப்ல்'னு பேரு. உங்க தமிழ்ல ஃபியூஸ்."

அப்புறம் பெருங்களத்தூர் வரும் வரை எனக்குப் பாடம். பிரான்ஸின் இப்போதைய அரசியல் சட்டம் 1958-ல் வந்தது. ஜனாதிபதியை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் பிரதமரை நியமிக்கிறார். அரசாங்கத்தை நடத்துவது பிரதமர் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை வேறு. ஜனாதிபதி கட்சிக்கே சட்டசபையிலும் மெஜாரிட்டி இருந்துவிட்டால், வெளிநாட்டுப் பயணம், மாநாடு, கைகுலுக்கல் எல்லாம் அவர். சம்பளக் கமிஷன், ஸ்டிரைக், பெட்ரோல் விலை, விவசாயிகள் டிராக்டரோடு வந்து ரோட்டை மறிப்பது எல்லாம் பிரதமர். ஜனங்களுக்குக் கோபம் தலைக்கேறினால் ஜனாதிபதி பிரதமரை மாற்றுவார். வீட்டுக்கு வெளிச்சம் வந்துவிடும். கொஞ்ச நாளைக்கு.

இதில் எனக்குப் பிடித்தது ராணுவ விஷயம். அவர் வேலை பார்த்த இடமல்லவா, விரலை மடக்கிச் சொன்னார். சட்டத்தின் 15-வது பிரிவு, படைகளுக்குத் தலைவர் ஜனாதிபதி என்கிறது. 21-வது பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்குப் பொறுப்பு பிரதமர் என்கிறது. அதாவது, மோட்டாருக்கு அதிபதி தலைவர். எரிந்துபோனால் பொறுப்பு செயலாளர். இதை எழுதியவர் எங்கள் அபார்ட்மென்ட்டில் கொஞ்ச நாள் குடியிருந்திருக்க வேண்டும்.

"ராஜினாமா பண்ணினவங்க உண்டா, ஐயா?" சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே கேட்டேன்.

"பண்ணச் சொன்னா பண்றவங்கதான் ஜாஸ்தி. தானா பண்ணினது ஷிராக். 1976, ஆகஸ்ட். ஜிஸ்கார் ஜனாதிபதி. இந்த வேலைக்கு வேண்டிய வசதி எனக்கு இல்லைன்னு பகிரங்கமா சொல்லிட்டு எழுந்து போயிட்டார். நாங்க முகாம்ல ரேடியோவில கேட்டோம். ஒரு பிரதமர் இப்படியெல்லாம் பேசலாமான்னு இருந்தது."

"அப்புறம் என்ன ஆனார்?"

"பத்து வருஷம் கழிச்சு மறுபடியும் பிரதமர் ஆனார். அதுக்கப்புறம் ஜனாதிபதியே ஆனார். இந்தப் பக்கமும் பார்த்தவர், அந்தப் பக்கமும் பார்த்தவர்."

அந்தப் பக்கம் பார்த்ததுதான் வேடிக்கை. 1997-ல் ஜனாதிபதி ஷிராக், மெஜாரிட்டி இன்னும் கூடும் என்று நினைத்துச் சட்டசபையைக் கலைத்தார். எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது. வேறு வழியில்லாமல் எதிர்க்கட்சித் தலைவர் ஜோஸ்பனைப் பிரதமராக்கி ஐந்து வருஷம் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம். அந்த ஐந்து வருஷத்தில்தான் ஊழியர்களுக்கு வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. கொண்டுவந்தது பிரதமரின் அரசாங்கம். ஜனாதிபதிக்கு அதில் இஷ்டமே இல்லை. (35 மணி நேரம்! எங்கள் மேனேஜர் காதில் இது விழ வேண்டாம். விழுந்தால், 'ஒரு நாளைக்கா?' என்று கேட்பார்.)

ஆக, அங்கே பிரதமர் ஃபியூஸாக இருப்பதும் மெயின் ஸ்விட்சாக இருப்பதும் அவர் குணத்தில் இல்லை. சபையில் பெரும்பான்மை யாருடையது என்பதில் இருக்கிறது. இது எனக்கு எங்கள் பொதுக்குழுவை ஞாபகப்படுத்தியது. 24 வீட்டில் தலைவருக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். என் வீட்டு ஓட்டே சந்தேகம்.

பெருங்களத்தூர். ஊருக்குப் போகும் ஜனம் பைகளோடு நிற்கும் அந்தப் பழைய இடம் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. வெள்ளரிக்காய்க்காரர் மட்டும் பழக்கத்தில் வந்துபோய்க்கொண்டிருந்தார்.

இனிமேல் இந்தியாவையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று எனக்கு ரோஷம் வந்தது. குரூப் தேர்வுக்குப் படித்தவன் நான். தேறவில்லை என்பது வேறு. "எங்க ஊர்ல தலைகீழ், ஐயா" என்று ஆரம்பித்தேன். இங்கே ஜனாதிபதி பெயரில்தான் எல்லாம் நடக்கும். ஆனால் மந்திரிசபை சொல்வதை அவர் கேட்டே ஆக வேண்டும். 1976-ல் 42-வது திருத்தம் அதை எழுத்திலேயே போட்டுவிட்டது. 1978-ல் 44-வது திருத்தம், 'ஒரு தடவை திருப்பி அனுப்பலாம், இரண்டாம் தடவை கையெழுத்துப் போடத்தான் வேண்டும்' என்று கொஞ்சம் இரங்கியது.

ஆர்.வெங்கட்ராமன் கதையையும் சொன்னேன். 1977-லும் 1980-லும் தென்சென்னையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். அப்போது தாம்பரமும் தென்சென்னைத் தொகுதியில்தான். எங்கள் அப்பா அவருக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்வார். (ஜெயித்தவர்களுக்கெல்லாம் ஓட்டுப் போட்டதாகத்தான் அப்பா சொல்வார்.) 1987-ல் ஜனாதிபதி. ஐந்து வருஷத்தில் ராஜீவ், வி.பி.சிங், சந்திரசேகர், நரசிம்மராவ் என்று நாலு பிரதமர்களைப் பார்த்துவிட்டார். யாருக்கும் மெஜாரிட்டி இல்லாத 1989, ஆட்சி கவிழ்ந்த 1990, சபையைக் கலைத்த 1991, அதே மே 21-ல் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொடுமை, எல்லாம் அவர் காலத்தில். அவர்தான் ஜனாதிபதி பதவியை எமர்ஜென்சி விளக்குக்கு ஒப்பிட்டவர். கரண்ட் போனால் தானாக எரியும். கரண்ட் வந்தால் தானாக அணைந்துவிடும்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்குப் பிரதமர் ஃபியூஸ். உங்களுக்கு ஜனாதிபதி எமர்ஜென்சி லைட்டு. நல்லாத்தான் இருக்கு."

"எங்க வீட்ல ரெண்டுமே வேலை செய்யறதில்ல" என்றார் பூக்கார அம்மா.

இலங்கையை மட்டும் வேகமாகத் தாண்டினோம். 1978-ல் ஜெயவர்த்தனா ஏறக்குறைய பிரெஞ்சுக்காரர்களின் பிளானைப் பார்த்துக் கட்டிய வீடு அது. 2018 அக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி ராஜபக்சவை உட்கார வைத்தார். ரணில் பிரதமர் மாளிகையைக் காலி செய்ய மறுத்தார். ஐம்பது நாள் இரண்டு பிரதமர்கள். கடைசியில் கோர்ட் தலையிட்டு, பழைய ஆளே திரும்ப வந்தார். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரே கார் பார்க்கிங்குக்கு இரண்டு பேரிடம் சாவி இருந்த கதை மாதிரி.

வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் பஸ் ஒரேயடியாக நின்றுவிட்டது. 1985-ல் திறந்த பூங்கா. உள்ளே சிங்கம் விஸ்தாரமாக உலவிக்கொண்டிருக்க, வெளியே கம்பிக்குப் பின்னால் நாங்கள்.

அங்கேதான் அவர் ஏன் இத்தனை சிரமப்பட்டுப் போகிறார் என்பது வெளியே வந்தது. மகன் பாரிஸ் பக்கத்தில் பஸ் டிரைவர். 2023-ல் அங்கே ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கினார்கள். ஆசைப்பட்டது ஜனாதிபதி மக்ரோன். சபையில் மெஜாரிட்டி போதவில்லை. பிரதமர் எலிசபெத் போர்ன் 49-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவை எடுத்தார். அது ஒரு விசித்திரமான ஆயுதம். 'ஓட்டெடுப்பு கிடையாது. மசோதா நிறைவேறியதாக அர்த்தம். பிடிக்காதவர்கள் என் அரசாங்கத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம்' என்று பிரதமர் எழுந்து சொல்லிவிடலாம். எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. ஒன்பது ஓட்டுக் குறைந்தது. மசோதா சட்டமாயிற்று.

"ஒன்பது ஓட்டு, தம்பி. பையன் ரெண்டு வருஷம் கூட வண்டி ஓட்டணும். அவனுக்கு இடுப்பு வலி. பாரிஸ் முழுக்கக் குப்பை அள்ளாம ஸ்டிரைக். திட்டு வாங்கினது பூரா அந்தம்மா. அடுத்த ஜனவரியில அந்தம்மாவும் போயாச்சு."

அதாவது 2024 ஜனவரியில். அப்புறம் வந்த பிரதமர் கப்ரியேல் அத்தால். வயது 34. அந்த நாட்டிலேயே இளைய பிரதமர். எனக்கு வயிறெரிந்தது. அவரைவிட எனக்கு இரண்டு வயது அதிகம், நான் இன்னும் செப்டிக் டேங்கில் இருக்கிறேன். பெரியவர் சமாதானப்படுத்தினார். "ஜூன் 9-ம் தேதி ஜனாதிபதி டி.வி.யில வந்து சபையைக் கலைச்சுட்டார். பிரதமரைக் கலந்து பேசணும்னு சட்டம். சொன்னபடி கேட்கணும்னு இல்லை. பாவம், அஞ்சு மாசம் பிரதமரா இருந்த பிள்ளை, இப்ப ஊர் ஊரா ஓட்டுக் கேட்டு அலையுது."

அந்தத் தேர்தலுக்குத்தான் இந்தப் பயணம்.

"ராஜினாமாவை எப்ப கொடுக்கப்போறீங்க?" என்று திடீரென்று கேட்டார். நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. ராணுவத்துக்காரர். கை எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறார்.

பதிலுக்கு 2015-ஐச் சொன்னேன். டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி. அப்போது நான் அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்தேன். அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஏறிவிட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. யாருக்குப் போன் செய்வது என்று தெரியாது. போனும் இல்லை. தண்ணீர் படியேறி, தரைத்தளத்து மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் கீழே நின்றது. தலைவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் மகள் வீட்டில், வேளச்சேரியில், அவரே படகுக்காகக் காத்திருந்தார். அப்போதைய செயலாளர் ஒல்லியான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரு காய்ந்த கட்டையால் மெயினைத் தட்டி அணைத்தார். கால் மணி நேரத்தில் பெட்டி முழுகிவிட்டது. தரைத்தளத்தில் அப்போது குழந்தைகளோடு பதினோரு பேர் தண்ணீரில் நடந்து மாடிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் பொதுக்குழு கூடியது. 'யாரைக் கேட்டு மெயினை அணைத்தீர்கள், என் ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் கெட்டுப்போயிற்று' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இன்சுலின் விலை கொஞ்சமா? தலைவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மனிதர் வீட்டை விற்றுக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்.

பெரியவர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "மீட்டர் பெட்டி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அதே இடத்திலதான்."

"ஒன்பது வருஷமாவா?"

பணம் இல்லை. மாதத்துக்கு முந்நூறு ரூபாய் பராமரிப்புக் கட்டணம் ஏற்ற வேண்டும். தலைவருக்குப் பெயிண்ட்தான் முதலில். பொதுக்குழுவில் கேட்டால் 24 வீடும் 24 கருத்து. அதற்காகத்தான் ராஜினாமா.

அவர் ஒன்றும் புத்தி சொல்லவில்லை. "ஜூலையில பொதுக்குழு உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் கிளாம்பாக்கம். எண்பத்தெட்டு ஏக்கர். பஸ்ஸிலிருந்து இறங்கி, பஸ்ஸைப் பிடிக்க இன்னொரு பஸ் வேண்டும் போலிருந்தது. பாண்டி வண்டியில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அவரை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் போன் நம்பரை ஒரு பிரெஞ்சுத் தபாலட்டையில் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டார். "மெர்ஸி, பிரதம மந்திரி!" என்றார். வண்டியில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பால் காய்ச்சி, குடித்து, பாத்திரமும் கழுவியாயிற்று.

ஜூலைப் பொதுக்குழுவில் நான் செய்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் பெயிண்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி முடித்ததும் எழுந்தேன். "மீட்டர் பெட்டியை நாலடி உயர்த்தவும் ஸ்டாண்ட்பை மோட்டாருக்கும் மாதம் முந்நூறு ரூபாய் உயர்வு. ஓட்டெடுப்பு இல்லை. நிறைவேறியதாக அர்த்தம். சம்மதம் இல்லாதவர்கள் இப்போதே என்னை நீக்கலாம். நீக்குபவர்கள் நாளைக் காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட வரவேண்டும்" என்றேன். ராஜினாமா கடிதத்தையும் சாவிக்கொத்தையும் மேஜை மேல் வைத்தேன். கை நடுங்கியது என்பதும் உண்மை.

மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. இன்சுலின்காரர் சாவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பெட்டி உயர்ந்தது. பக்கத்தில் ஒரு கிரானைட் பலகை. அதில் தலைவர் பெயர் தங்க எழுத்தில். என் பெயர் இல்லை. பில்லில் இருக்கிறது, எலெக்ட்ரீஷியன் பாக்கிக்காக.

பிரான்ஸில் அந்தத் தேர்தலில் யாருக்கும் மெஜாரிட்டி வரவில்லை. செப்டம்பரில் பார்னியே பிரதமர் ஆனார். வயது 73. ஒரே வருஷத்தில் அந்த நாற்காலி இளையவரையும் பார்த்தது, முதியவரையும் பார்த்தது. அவரும் 49-3-ஐ எடுத்தார். டிசம்பர் 4-ல் சபை அவரைக் கவிழ்த்துவிட்டது. 1962-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. (இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்சுலின்காரர் மட்டும் அன்று உட்காராமல் இருந்திருந்தால்?) அப்புறம் பைரூ. அவர் 2025 செப்டம்பர் 8-ல் போனார். அப்புறம் லெகோர்னு. 27 நாளில், அக்டோபர் 6-ம் தேதி, ராஜினாமா. நாலே நாளில் அதே லெகோர்னுவை மறுபடியும் நியமித்தார்கள்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் காலை போன்.

"தம்பி, சேலையூர்லேர்ந்து பேசறேன். செய்தி பார்த்தீங்களா? நேத்திக்குச் சபையில புதுப் பிரதமர், பழைய ஆளுதான், எழுந்து சொல்லிட்டார். அந்த அறுபத்தி நாலு சட்டத்தை நிறுத்தி வைக்கிறாராம். 2027 ஜனாதிபதி தேர்தல் வரைக்கும். ஜனாதிபதி ஆசையா போட்ட சட்டம்!"

"பையனுக்குச் சொன்னீங்களா?"

"ராத்திரியே அவன் கூப்பிட்டுட்டான். நம்பலை. நிறுத்தி வைக்கிறதுன்னா எடுத்துடறது இல்லையேப்பாங்கறான். டிரைவர் இல்லையா, பிரேக்குக்கும் ஸ்டாப்புக்கும் வித்தியாசம் தெரியும்." கொஞ்சம் இருமினார். "அது கிடக்கட்டும். நீங்க இன்னும் பதவியில இருக்கீங்களா?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாடிப்படியிலிருந்து குரல்: "சார், தண்ணி வரலை!"